என்ன பிள்ளை?

பச்சைத் துணிக்கு அப்பால் ஓர் அழுகை எழுந்தது.

அவள் கண்களை அகலத் திறந்தாள். முதுகில் போட்ட ஊசியால் மார்புக்குக் கீழே உணர்வில்லை. உயிர் முழுவதும் கண்ணிலே இருந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பும் இதே போன்றதொரு மேசை. அன்று தோட்டோடும் மெட்டியோடும் சேர்த்து மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வெளியே கொடுத்தனுப்பிவிட்டார்கள். கண்ணாடியின் பவர் மைனஸ் ஒன்பது. தாயே தன் வாயால் சொல்லட்டும் என்று, வழக்கப்படி, செவிலி எதையோ உயர்த்திப் பிடித்து, என்ன பிள்ளை என்று கேட்டாள்.

விளக்கொளியில் சிவப்பாய் ஒரு கலங்கல்.

"பையன்" என்றாள்.

அறையே சிரித்தது. பிறந்தது பெண்.

அச்சிரிப்பு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. "என்னயப் போயி பையன்னு சொன்னியாமே!" என்று மூத்தவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இன்றும் கேட்பாள். தாயும் சேர்ந்து சிரிப்பாள்.

சொந்தபந்தம் எல்லாம் குழந்தையின் முகத்தைப் பார்த்து முடித்த பிறகே கண்ணாடி தன் கைக்குத் திரும்பியதென்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

கண்ணாடியோடு மழையில் வண்டி ஓட்டச் சிரமமாயிருக்கிறது என்று கணவனிடம் காரணம் சொல்லித்தான் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொள்ளப் போனாள். இமைகளைக் கம்பி கவ்விப் பிடித்திருக்க, கருகல் வாடையை விழுங்கியபடி, சிவப்புப் புள்ளியையே பார்த்துக் கிடந்தாள். அப்போது வயிற்றில் கரு இல்லை. ஆயினும் அக்கண்கள் யாருக்கென்று அவள் அறிவாள்.

இப்போது செவிலி பச்சைத் துணிக்கு மேலே குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏம்மா, பாத்துச் சொல்லு. என்ன புள்ள?"

வெண்மாவு பூசினாற்போன்ற நெற்றி.

ஈரத்தில் ஒட்டிய புருவத்து மயிர், ஒவ்வொன்றாய்.

நெல்முனையளவு நகம். அதற்குள்ளும் ஒரு பிறை.

நடுங்கும் கீழுதடு. இடக்காது மடலில் கடுகளவு கருமை.

"காதுல மச்சம் இருக்கு" என்றாள்.

"நல்லாருக்கே! நான் அதயா கேட்டேன்?"

குழந்தை கண்ணைத் திறந்தது. அவள் இருந்த பக்கம் திரும்பி, நெற்றியைச் சுருக்கி, எதையோ தேடிற்று.

அந்தப் பார்வையை அவள் அறிவாள். முப்பது ஆண்டுகள் அவளே பார்த்த பார்வை.

"இன்னுங் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க சிஸ்டர்."

"இன்னுமா தெரியல?"

"எனக்குத் தெரியுது" என்றாள். "அதுக்குத் தெரியணும்ல."