ஆஸ்பத்திரி நிலையத்துச் சிரிப்பு

அந்தக் குட்டிச் சுரங்க ரயில் பாதையில் ஆஸ்பத்திரி நிலையத்துக்குத்தான் எப்போதும் மதிப்பெண் குறைவு. வாசல் கேமரா பயணிகளின் முகத்தைப் பார்த்தே திருப்தியை அளந்தது. மதிப்பெண் இன்னும் சரிந்தால் ரயில் அங்கே நிற்காது. அதனால் வாசல் ஊழியர் நீலவேணி, அழுதுகொண்டு வருபவர்களை முகம் கழுவவைத்து, சிரிக்கச் சொல்லித்தான் உள்ளே விடுவாள்.

இன்று கணவனின் உடல் பிணவறையில் கிடக்க, வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் சொல்வதற்காக அவளே பயணியாக வந்தாள். வாசலில் நின்ற ருக்சானா, அவளிடமே வேலை பழகிய பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... முகத்தக் கழுவிட்டு வந்துருங்கக்கா. இன்னிக்கி ஏற்கெனவே ரொம்பக் கொறஞ்சிருக்கு."

நீலவேணி கழுவினாள். எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தபடியே பல் தெரியச் சிரித்தாள். கதவு திறந்தது.

"முழு மார்க்குக்கா" என்றாள் ருக்சானா, தன் முகம் கேமராவில் விழாமல் திரும்பிக்கொண்டு.