நடுவில் நட்சத்திரம்

சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத்தான் போவார்கள். ஒரு நுனி முதல் ஆளின் கையில், மறு நுனி கடைசி ஆளின் கையில், மற்றவர்கள் நடுவில். வாசல் கருவி அனுப்பும் பெயர்ப்பட்டியலைப் பிரிக்க மாதங்கி பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியதும் அப்படியொரு வரிதான்: முதல், *மற்றவர்கள், கடைசி = பட்டியல். இருபுறமும் ஒவ்வொருவர் போக, மீதிப் பேரையெல்லாம் நட்சத்திரம் போட்ட பெயர் வாங்கிக்கொள்ளும். "எத்தனை பேர் வந்தாலும் இது உடையாது சார்" என்று மேற்பார்வையாளர் சகாயராஜிடம் பெருமையடித்திருந்தாள். வரி பிழையில்லாமல் ஓடினால் திரையில் பச்சை எரியும்.

அன்று காலையில் பதினோரு பேர் இறங்கினார்கள். ஐந்து மணிக்கு, வெளியே வந்தவர்களின் பட்டியல் வந்தது. முதல், அந்தோணிமுத்து. கடைசி, பேச்சியப்பன். பச்சை எரிந்தது.

ஏனோ மாதங்கிக்கு 'மற்றவர்கள்' என்ற நடுப்பெயரைத் திறந்து பார்க்கத் தோன்றியது. இரண்டு சதுர அடைப்புக்குறிகள் மட்டும் வந்தன, இடையில் ஒரு பெயரும் இல்லை. மீதி யாருமே இல்லையென்றாலும் நட்சத்திரம் முறையிடாது; வெறும் பட்டியலை நீட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அது அவளுக்குத் தெரிந்ததுதான்.

அதற்குள் அவளுக்குப் பின்னால் சகாயராஜ் வாசலுக்குப் போன் போட்டிருந்தார். "பச்சை விழுந்துருச்சுப்பா. எல்லாரும் வந்தாச்சு, கதவைப் பூட்டிடு."

மறுமுனையில் காவலாளி தயங்கினான்.

"எப்படி சார் பூட்டுறது? வெளியே வந்த ரெண்டு பேரும் கயித்தை விட மாட்டேங்குறாங்க. உள்ளேருந்து இழுக்குதாம்."