மூன்றாவது தடவை செத்தபோது

இதில் ஒரு எழுத்து பொய்யானாலும் என் படகு கரையிலேயே மூழ்கட்டும்.

அன்று காலை பதினோரு மணிக்கு நான் மூன்றாவது முறையாகச் சாகக் கிடந்தேன். படுக்கையருகே நின்ற பெண்ணின் நிலைமை என்னைவிட மோசம்.

அவள் பெயர் கோரின் ஹிஸ்காக். எங்கள் ஊர் நர்சிங் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அங்கே பரீட்சை நாட்களில் நோயாளியாகப் படுக்க ஊர்க்கிழவர்களைக் கூப்பிடுவார்கள். நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் நாற்பது வருடம் காட் மீன் பிடித்த நான், இப்போது கரையில் நாலு வருடமாகச் செத்துக்கொண்டிருக்கிறேன்.

கிழவன் என்ன சொன்னாலும் மாணவி கலங்கக் கூடாது, அவ்வளவுதான் பரீட்சை. கடைசியில் எனக்கு ஒரு வசனம் உண்டு: "நான் போயிட்டா என் நாயை யாரு பாத்துப்பா?"

கோரின் இந்தப் பரீட்சைக்கு வந்த முதல் தடவை அந்த வசனத்தில் அழுதுவிட்டாள். இரண்டாம் தடவை, நாயைத் தானே வளர்ப்பதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு அழுதாள். எனக்கு நாயே கிடையாது.

இன்றும் அழுதால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள். நாளைக்கே அவள் அப்பாவோடு நண்டு ஆலைக்குப் போகவேண்டியதுதான்.

"மிஸ் முறைக்கிறாங்களா அங்கிள்?" என்றாள் உதடு அசையாமல்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் திருமதி கியர்லி மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சு அவருக்குக் கேட்கும் ஒலிபெருக்கி அன்று பழுது. பார்த்தே மதிப்பெண் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். முப்பது வருடமாகச் சிரிக்காதவர். அவருக்குப் பல் இருப்பதே பல் டாக்டர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

"நீ என்னைப் பாரு கண்ணு. தூங்குனியா?"

"நாலு நாளா தூக்கமே இல்ல. தூங்காமலே கனவு வருது. மருந்தெல்லாம் வரிசையா வந்து என்னைத் திட்டுது."

நான் வேலையைத் தொடங்கினேன். தலையணையை எறிந்தேன்; எடுத்து வைத்தாள். கஞ்சியைத் துப்பினேன், துடைத்தாள். அவள் சமையலையும் அவள் தாத்தாவின் படகோட்டும் லட்சணத்தையும் ஏசினேன், அசையவில்லை.

"நான் போயிட்டா..." என்று ஆரம்பித்தேன். அவள் கீழுதடு நடுங்கியது. கண்ணில் அலை ஏறி வந்தது.

சரியாக அந்த நொடியில், சத்தியமாக, எனக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டது. போர்வைக்குள் ஒளித்துத் தின்றுகொண்டிருந்த டவுட்டன்தான் காரணம். என் மனைவி பன்றிக்கொழுப்பில் பொரித்து, பாகு ஊற்றித் தந்த மாவுரொட்டி அது.

"அடைச்சிக்கிச்சு! மூச்சே வரல! இது நடிப்பில்ல கண்ணு, நெஜமாவே சாகறேன்!" என்று அலறினேன். முகம் புளூபெர்ரி நிறமானது. விழிகள் பிதுங்கி மூக்குக்கண்ணாடியைக் கீழே தள்ளிவிட்டன.

திருமதி கியர்லி துள்ளி எழுந்தார். கதவென்று நினைத்து அலமாரிக்குள் ஓடி, தலையில் நாலு போர்வையோடு வெளியே வந்து, எங்கள் அறைக்குள் பாய்ந்தார். "இது பாடத்துலயே இல்லையே! பாடத்துலயே இல்லையே!" என்று படுக்கையை மூன்று சுற்றுச் சுற்றினார்.

கோரின் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். உதடு நடுங்குவது நின்றுபோனது.

"குனிங்க அங்கிள்."

முதுகில் ஐந்து தட்டு. டவுட்டன் பீரங்கிக் குண்டாகப் பாய்ந்து, ஜன்னலைத் தாண்டி, துறைமுகத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கடற்பறவையை வீழ்த்தியது.

பிறகு அவள் திருமதி கியர்லியின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "மெதுவா மூச்சை விடுங்க மிஸ். அங்கிளுக்கு ஒண்ணும் ஆகல. நான் இங்கதான் இருக்கேன்."

திருமதி கியர்லி அவள் கையைப் பற்றிக்கொண்டு கால்மணி நேரம் அழுதார். தரை துடைக்கும் வாளி இரண்டு முறை நிரம்பியது. "உன்னை மாதிரி நிதானமான பொண்ணை நான் பாத்ததே இல்லடி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே நூற்றுக்கு நூறு போட்டுவிட்டுப் போனார்.

கோரின் என் போர்வையைச் சரிசெய்வதுபோல் காதருகே குனிந்தாள்.

"அடுத்த தடவை கத்தாதீங்க அங்கிள். நெஜமா அடைச்சவங்களுக்குப் பேச்சே வராது."