தடுக்கவா? அனுமதிக்கவா?

"மறுபடியும் லைன் அறுந்துடுச்சுங்க. இந்தப் பாழாப்போன ஆன்டிவைரஸை வாங்கிப் போடச் சொல்லி யாரு அழுதா?"

அவள் லேப்டாப்பை முறைத்தாள். திரையின் மூலையில் அந்தச் சிவப்புப் பெட்டி மீண்டும் எட்டிப் பார்த்தது. 'தேவையற்ற மென்பொருள். தடுக்கவா? அனுமதிக்கவா?'

"நான்தான் போட்டேன்," என்றான் கணவன். அவன் பெயின்டர். மழை பிடித்துக்கொண்டதால் வேலை இல்லாமல், கையில் ஒட்டியிருந்த பெயின்டைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். "கண்டதையும் உள்ளே விடாம வாசல்லயே நிறுத்திக் கேள்வி கேக்குது. அப்படியே என் மாமியார் மாதிரி."

"எங்க அம்மாவை இழுக்கலைன்னா உங்களுக்குச் சாப்பாடு இறங்காதே."

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. இன்னும் சற்று நேரத்தில் மேனேஜர் வீடியோவில் வந்துவிடுவார். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. தற்காலிகமாகச் சேர்ந்தவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்று சொல்லப்போகிறார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய வி.பி.என். என்ற தனி வழி ஒன்றுதான் உண்டு. அந்த வழிதான் இன்று அறுந்து அறுந்து போய்க்கொண்டிருந்தது.

போனில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பையன் காத்திருந்தான்.

"மேடம், நாங்க அனுப்புற சாஃப்ட்வேரை உங்க ஆன்டிவைரஸ் உள்ளே விடமாட்டேங்குது. பழைய வி.பி.என்.ல எப்படியோ ஓட்டிட்டீங்க. இன்னைக்குப் புதுசு மாத்தியாச்சு. இந்த சாஃப்ட்வேர் இல்லாம அது நிக்காது. ரெண்டும் மோதிக்குது."

"அது என்ன சாஃப்ட்வேர் தம்பி?" என்று கணவன் குறுக்கே கேட்டான்.

"அட்டென்டன்ஸ் மாதிரிதான் சார்." பையன் கொஞ்சம் மென்று விழுங்கினான். "எல்லார் மெஷின்லயும் போட்டாச்சு. உங்க வீட்ல மட்டும்தான் ரெண்டு மாசமா அடம்பிடிக்குது."

கணவன் திரைக்கு அருகில் வந்து குனிந்தான். "இங்கே 'விவரம்'னு ஒரு பட்டன் இருக்கே. என்னன்னு படிச்சுப் பார்த்துட்டு..."

"படிக்கிற நேரமாங்க இது? ஆபீஸே அனுப்புறதுல என்ன வைரஸ் இருந்துடப் போகுது?"

'அனுமதி'யை அழுத்தினாள். சிவப்புப் பெட்டி சொன்ன பேச்சு கேட்டு மறைந்தது. வி.பி.என். பச்சையாகி, பச்சையாகவே நின்றது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லா இரு தம்பி," என்று போனை வைத்தாள்.

மீட்டிங் பக்கத்தை அவள் இன்னும் திறக்கவில்லை. ஹெட்போனைக்கூட மாட்டவில்லை. தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"மறந்தும் வாயை விட்டுடாதே," என்றான் கணவன். "நீ முழுகாம இருக்கிறது அவர் காதுக்குப் போச்சுன்னா கதை கந்தல்தான்."

"எனக்குத் தெரியாதா? என்கூடச் சேர்ந்த பொண்ணு, வாயும் வயிறுமா இருக்கேன்னு வெள்ளந்தியா அவர்கிட்டச் சொன்னா. மறுவாரமே ஆளைக் காணோம். ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் ஊருக்கே சொல்லலாம்."

சொல்லிவிட்டு அவள் சட்டென்று நிறுத்தினாள். காலையிலிருந்து தொண்டையில் நின்றுகொண்டிருந்ததை இதற்குமேல் அடக்க முடியவில்லை.

"ஏங்க, இன்னொண்ணும் இருக்கு. காலைல ஸ்கேன் எடுத்தாங்கல்ல? ஒண்ணு இல்லையாம்."

"என்ன ஒண்ணு இல்லையாம்?"

"ரெண்டாம். ரெட்டைக் குழந்தை."

அவன் கையிலிருந்த துணி நழுவியது. நாற்காலி இருப்பதையே மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. டாக்டரை விட்டா முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன்."

"நாலு வயிறு," என்றான் அவன், சிரிப்பும் பயமுமாக. "என் பிரஷை மட்டும் நம்பினா, மழை பெஞ்ச அன்னைக்கு எல்லாரும் பட்டினிதான். உன் வேலை நிலைச்சுடணும்மா."

"நிலைச்சுடும். என் வேலையில ஒரு குத்தம் கண்டுபிடிக்கச் சொல்லுங்க பார்க்கலாம்."

அவள் ஹெட்போனை மாட்டினாள். பிறகு சத்தம் அவனுக்கும் கேட்கட்டும் என்று கழற்றி வைத்துவிட்டு, மீட்டிங்கைத் திறந்தாள். கேமராவில் படாமல் ஓரமாகச் சுவரோடு ஒட்டி நின்றான் அவன்.

மேனேஜர் திரையில் வந்தார். எப்போதும் உம்மென்று இருக்கிற மனிதர் இன்று சிரித்தார்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. சுத்தமான வேலை. முதல்ல என்னோட வாழ்த்துகளைச் சொல்லிடறேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓரமாக நின்றவன் இரண்டு கைகளையும் தூக்கிச் சத்தமில்லாமல் ஆடினான்.

"ரொம்ப நன்றி சார். இந்த வேலை நிரந்தரமாகணும்னு எவ்வளவு நாளா..."

"நான் வேலையைச் சொல்லலைம்மா. ரெட்டைக் குழந்தையைச் சொன்னேன்," என்றார் மேனேஜர், அதே சிரிப்போடு. "எங்க சாஃப்ட்வேரை ரெண்டு மாசம் முன்னாடியே உள்ளே விட்டிருந்தீங்கன்னா, உங்களை இவ்வளவு நாள் இழுத்தடிச்சிருக்கவே மாட்டோம்."