நாலாயிரம் முக்கோணம்

இராஜபாளையத்து மோட்டார் பட்டறையின் மாடியறையில், கம்ப்யூட்டர் முன்னால் மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள் எஞ்சினியர் கிருபாபாய். பச்சைத் திரையில் அவள் வரைந்த மோட்டார் நாலாயிரம் முக்கோணங்களாகச் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் எவ்வளவு காந்தம் ஓடுகிறது என்று காலை ஆறு மணியிலிருந்து அந்தப் பெட்டி கணக்குப் போடுகிறது. தொண்ணூற்றாறு சதவீதம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டு மில்லில் இந்தப் பட்டறை செய்து கொடுத்த மூன்று மோட்டார்கள் கருகிவிட்டன. ஏனென்று மூன்று மணிக்குள் முதலாளியிடம் சொல்லாவிட்டால் இந்த அறைக்குப் பூட்டு, அவளுக்கு வீடு. மணி இரண்டே முக்கால். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. கீழே கடைசல் பிடிக்கும் லேத் முகைதீன் டீ கிளாசோடு எட்டிப் பார்க்கிறார். "இன்னுமா ஓடுது? ஒங்க பொட்டிய விட வத்திராயிருப்பு பஸ் வெரசாப் போயிரும்போல!" "செத்த நேரம்ணே. நீங்க சொன்ன அரை மில்லி இடைவெளியத்தான் உள்ள உருளுற ரோட்டரச் சுத்திக் குடுத்திருக்கேன்." "சுத்தியா? லேத்துக்காரன் விட்டத்துலதாம்மா பேசுவான். ரெண்டு பக்கமும் சேத்து அரை. ஒரு பக்கத்துக்குக் கால்தான்." டீயை உறிஞ்சிக்கொண்டே அவர் இறங்கிப் போகிறார். தான் கொடுத்த எண்ணை அவள் நோட்டில் பார்க்கிறாள்: ஒரு பக்கத்துக்கே அரை. ஒன்பது மணி நேரமாய் ஓடுவது உலகத்திலேயே இல்லாத மோட்டார். தொண்ணூற்றெட்டு. வாயைத் திறக்காவிட்டால் ஒரு விடை வந்துவிடும். தப்பென்று சொல்ல இந்த ஊரில் ஆளில்லை. படியேறி வந்த முதலாளி கதவைத் தள்ளுகிறார். "என்னம்மா, வந்துருச்சா?" திரையில் தொண்ணூற்றொன்பது. அவள் கணக்கை நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறாள். திரை இருள்கிறது. "இல்ல சார். தப்பு என்னோடது. இன்னும் ஒம்பது மணி நேரம் வேணும்."