ஐந்து செக்கன்

“துடிப்பு ஒண்டு தவறுறதுக்கெல்லாம் பயப்படத் தேவையில்லை முனீப். எல்லாருக்கும் வாறதுதான்,” என்றார் டொக்டர் சோபனா, நீளமான ரிப்போர்ட்டைப் புரட்டியபடி. “ஒரு துடிப்பு அவசரப்பட்டு முந்தி வரும். பிறகு சின்ன ஓய்வு. அடுத்தது பலமா அடிக்கும். அதைத்தான் நீங்கள் ‘நெஞ்சு குதிக்குது’ எண்டு சொன்னனீங்கள்.”

“அப்ப நான் வேலைக்குப் போகலாமா டொக்டர்?”

முனீப் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுபவன். நெஞ்சு குதிக்கிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னதற்காகக் துறைமுகக் கந்தோரில் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். இதயம் நல்லது என்று டொக்டரின் கடிதம் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அதற்காகத்தான் நெஞ்சில் வயர் ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டி கட்டி, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்திருந்தார்கள்.

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே நீள மர வாங்கில் பக்கத்து வீட்டுக் கனகசுந்தரம் இருந்தார். முனீபுக்குத் துணையாகச் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்.

“எனக்கு அறுபத்தொரு வயசு. இண்டுவரைக்கும் ஒரு பனடோல் விழுங்கினதில்லை,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கிளினிக்கில் பாதிப் பேருக்கு அது கேட்டது.

டொக்டரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

“பின்னேரம் நாலே முக்காலுக்கு என்ன செய்தனீங்கள்?”

பெட்டியோடு ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள், நேரமும் செய்த வேலையும் எழுதுவதற்கு.

“அதில எழுதியிருக்கும் டொக்டர்.”

“‘ஏணியில் ஏறினேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. பிறகு கண் இருண்டது. கொஞ்சம் இருந்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.’ வடிவான எழுத்து.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கண் இருண்டதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“எனக்கே தெரியாது டொக்டர்,” என்றான் முனீப். அது உண்மை.

“அந்த நேரம் துடிப்பு நூற்றெழுபதுக்கு ஓடியிருக்கு. ஓட்டம் நிண்டதும் ஐஞ்சு செக்கன் துடிப்பே இல்லை. இரவிலயும் ரெண்டு தரம். நான் சொன்ன சின்ன ஓய்வு இல்லை இது. அடுத்த முறை கண் இருண்டு விழுந்தா எழும்பாமலே போகலாம். இண்டைக்கே வார்ட்டில நிக்க வேணும். பேஸ்மேக்கர் வைச்சா நல்லா இருக்கலாம்.”

கந்தோரின் படிவம் கையெழுத்து இல்லாமல் மேசையில் கிடந்தது. ‘பெட்டி பிழையாயிருக்கும், இன்னொருக்கா பார்ப்பம்’ என்ற சொல் முனீபின் நாக்கு நுனிவரை வந்தது.

வெளியே கனகசுந்தரம் எழுந்து, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு இடம் கொடுத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றார்.

முனீப் அந்தச் சொல்லை விழுங்கினான். மனதுக்குள் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு கதவடிக்குப் போனான்.

“கனகண்ணன், உள்ள வாங்கோ. மெல்ல, மெல்ல.”

“என்ன தம்பி, கடிதம் கிடைச்சிட்டுதோ?” என்று சிரித்துக்கொண்டே வந்தார் அவர்.

முனீப் தன் கதிரையில் அவரை இருத்தினான். தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் படிவத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“டொக்டர், எனக்கு இனிக் கடிதம் வேண்டாம். என்ர பெயரில வந்து அந்தப் பெட்டியைக் கட்டினது இவர். ஊரிலேயே நல்ல இதயம் எண்டு நான்தான் ஒரு நாளைக்கு இரவல் கேட்டனான்.”