இரண்டு படங்களில் ஒரு புள்ளி

ஒரு கணினிக்குள் இரண்டு வானப் படங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று வியாழக்கிழமை எடுத்தது, மற்றது சனிக்கிழமை எடுத்தது. இரண்டிலும் அதே நட்சத்திரங்கள் அதே இடத்தில்தான் இருந்தன. மங்கலான ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது.

"உன் மேல தூசி ஒட்டியிருக்கு. அதைப் போய் புள்ளிங்கிற," என்றது சனிக்கிழமைப் படம். "புள்ளி எங்கே இருக்குன்னு என்னைப் பாத்துத் தெரிஞ்சுக்கோ."

வியாழக்கிழமைப் படத்துக்குச் சத்தம் போட வராது. "நான் பாத்தப்போ அங்கேதான் இருந்துச்சு," என்றது. பிறகு அதற்கே சந்தேகம் வந்துவிட்டது. "சரிப்பா, தப்பு என் மேலேயே இருக்கட்டும். என்னை அழிச்சிடு," என்று கணினியிடம் சொன்னது.

அழிப்பதற்கு முன் ஒரு தடவை சரிபார்ப்பது கணினியின் வழக்கம். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்து மாற்றி மாற்றிக் காட்டியது. நட்சத்திரங்கள் அசையவில்லை. புள்ளி மட்டும் நகர்ந்தது.

"அட, இது சிறுகோள்! சூரியனைச் சுத்தி நடந்துக்கிட்டிருக்கு," என்றது கணினி. "இப்போ யாரை அழிக்கணும்?"



"அது எங்கேயிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது," என்றது சனிக்கிழமைப் படம். "எனக்கு முன்னாடி பாத்த அண்ணனைத்தான் கேக்கணும்."